ஓடாத என்ஜினை விசாரிப்பது எப்படி?

காய்ச்சல் என்று வந்தவரைக் கண்டதும் எந்த வைத்தியரும் கத்தியைக் கையில் எடுப்பதில்லை. நாக்கை நீட்டச் சொல்கிறார். நாடி பிடித்துப் பார்க்கிறார். வெப்பமானியை வைக்கிறார். மார்பில் குழாயை வைத்து மூச்சொலியைக் கேட்கிறார். இவையெல்லாம் சேர்ந்து ‘இன்ன நோய்’ என்று காட்டிய பிறகுதான் மருந்தோ அறுவையோ. ஓடாமல் நின்றுவிட்ட என்ஜினையும் இப்படித்தான் அணுக வேண்டும். ஆனால் கையில் ஸ்பானர் கிடைத்தவுடன் பலருக்கும் தோன்றுவது, ‘எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்துவிடலாம்’ என்பதே. அப்படிக் கழற்றும்போது, நோயைக் காட்டிக் கொடுக்கக்கூடிய தடயங்களும் சேர்ந்து கலைந்துவிடுகின்றன.

மாணவர்களே, இக்கட்டுரையில் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரின் என்ஜினை நாம் சேர்ந்து பழுது பார்க்கப் போகிறோம். நீங்கள் பாடப் புத்தகத்தில் படித்த பாயில் விதி, வெப்ப விரிவு, திருப்புத்திறன் ஆகியவை பட்டறையில் எப்படி வேலை செய்கின்றன என்பதையும் வழியில் பார்ப்போம்.

நம் கார்

நாம் எடுத்துக்கொள்ளும் கார் எம்.ஜி.பி. இருவர் அமரக்கூடிய, மேற்கூரையைத் திறந்துவிடக்கூடிய இந்த கார் 1962-ஆம் ஆண்டு வெளிவந்தது. இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபர்டு நகருக்குத் தெற்கே உள்ள ஆபிங்டன் என்ற ஊரில் இதைச் செய்தார்கள். 1980-இல் அந்தத் தொழிற்சாலை மூடப்படும்வரை 5 லட்சத்துக்கும் மேற்பட்ட எம்.ஜி.பி. கார்கள் உருவாயின. இன்றும் ஆயிரக்கணக்கானோர் இவற்றை வாங்கி, தாங்களே பழுது பார்த்து ஓட்டி மகிழ்கிறார்கள்.

இதன் என்ஜின் நமக்கு முற்றிலும் அன்னியமானதன்று. நம் நாட்டுச் சாலைகளில் பல பத்தாண்டுகள் ஓடி, 2014-இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசடர் காரை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் நன்கு அறிவார்கள். அந்த அம்பாசடரில் நெடுங்காலம் இருந்த 1489 கன செ.மீ. பெட்ரோல் என்ஜினும், எம்.ஜி.பி.யின் 1798 கன செ.மீ. என்ஜினும் உடன்பிறப்புகள். பி.எம்.சி. என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் ‘பி வரிசை’ என்ஜின்கள் அவை. இரண்டிலும் பிஸ்டன் மேலும் கீழுமாக நகரும் தூரம் 88.9 மி.மீ. தான். சிலிண்டரின் உள்விட்டம் மட்டும் அம்பாசடரில் 73.025 மி.மீ.; எம்.ஜி.பி.யில் 80.26 மி.மீ.

வரிசையாக நான்கு சிலிண்டர்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு வால்வுகள். ஒன்று பெட்ரோல் ஆவி கலந்த காற்றை உள்ளே விடும், மற்றொன்று எரிந்த புகையை வெளியேற்றும். உள்ளிழுப்பு, அமுக்கம், ஆற்றல், வெளியேற்றம் என்ற நான்கு வீச்சுகளை நீங்கள் படித்திருப்பீர்கள். நான்கு சிலிண்டர்களும் 1, 3, 4, 2 என்ற வரிசையில் முறை வைத்து வெடிக்கின்றன. சிலிண்டர்கள் குடையப்பட்ட வார்ப்பிரும்புக் கட்டிக்கு ‘பிளாக்’ என்று பெயர். அதன்மேல் மூடிபோல் அமர்வது ‘ஹெட்’. வால்வுகள் ஹெட்டில் உள்ளன. இரண்டுக்கும் இடையே வாயுவும் நீரும் எண்ணெயும் கசியாதபடி அடைத்து நிற்பது ‘ஹெட் கேஸ்கெட்’ என்ற மெல்லிய தகடு.

இப்போது ஒரு கற்பனை. 1966-ஆம் ஆண்டில் செய்த எம்.ஜி.பி. ஒன்றை நீங்கள் இங்கிலாந்தில் வாங்கியிருக்கிறீர்கள். பத்து ஆண்டுகளாக ஒரு கொட்டகையில் நின்றிருந்த வண்டி. விற்றவர் சொன்னது இவ்வளவுதான்: “கடைசியாக ஓட்டியபோது வெப்பமுள் மேலே ஏறியது. பிறகு இழுவை குறைந்து, என்ஜின் குலுங்கிக் குலுங்கி ஓடியது. அப்படியே நிறுத்திவிட்டேன்.”

இந்த வாக்குமூலத்தைக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். பின்னால் உதவும்.

சாவியைத் திருப்பாதீர்கள்

புதிதாக வாங்கிய காரைக் கண்டதும் ஸ்டார்ட் செய்து பார்க்கக் கை துறுதுறுக்கும். அந்த ஒரு திருப்பலில் என்ஜின் பாழாகிவிடலாம். நெடுநாள் நின்ற என்ஜினில் சிலிண்டர் சுவரிலிருந்த எண்ணெய் வழிந்து கீழே போயிருக்கும். பிஸ்டன் வளையங்கள் துருப்பிடித்து ஒட்டியிருக்கலாம். இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்றும் உண்டு: கேஸ்கெட் வழியாகச் சிலிண்டருக்குள் தண்ணீர் கசிந்து தேங்கியிருக்கலாம்.

எவ்வளவு தண்ணீர் ஆபத்தானது? கணக்கிடுவோம். ஒரு சிலிண்டரில் பிஸ்டன் நகரும் இடத்தின் கன அளவு ஏறத்தாழ 450 கன செ.மீ. இந்த என்ஜினின் அமுக்க விகிதம் 8.8. அதாவது, பிஸ்டன் கீழே இருக்கும்போது உள்ள மொத்த இடம், மேலே வந்தபின் எஞ்சும் இடத்தைப்போல் 8.8 மடங்கு. எஞ்சும் இடத்தை ‘இ’ என்று கொண்டால், 450 + இ = 8.8 இ. ஆகவே இ = 450 ÷ 7.8, ஏறத்தாழ 58 கன செ.மீ. நான்கு மேசைக்கரண்டி நீர் இதற்குப் போதும்! காற்றை அமுக்கலாம்; நீரை அமுக்க முடியாது. ஸ்டார்ட்டர் மோட்டார் வலிந்து சுற்றினால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

ஆகவே முதல் வேலை, நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றுவது. நீர் இருந்தால் அது வெளியேற வழி பிறக்கிறது. பிறகு ஒவ்வொரு துளையிலும் ஒரு கரண்டி என்ஜின் எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊற விடுங்கள். மறுநாள் கிராங்க் தண்டின் முன்முனையிலுள்ள பெரிய நட்டில் ஸ்பானரை மாட்டி, மெல்லக் கையால் சுற்றுங்கள். இறுகினால் வலிக்க வேண்டாம்; இன்னும் எண்ணெய் விட்டுக் காத்திருங்கள்.

டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். எண்ணெய் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் அதில் நீர் கலந்திருக்கிறது என்று பொருள். நம் வண்டியில் எண்ணெய் கறுத்திருக்கிறது. ஆனால் பால் நிறம் இல்லை. ரேடியேட்டரில் நீர் குறைவு. இருப்பதும் செங்காவி நிறம். இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். பழைய எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்றிவிட்டு, கெட்டுப்போன பழைய பெட்ரோலையும் திறந்த வெளியில், நெருப்பு அருகில் இல்லாத இடத்தில் வடித்துவிடுங்கள்.

பாட்டரி இணைப்பில் ஓர் எச்சரிக்கை. இந்த வண்டியில் இருக்கைகளுக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ட் பாட்டரிகள் தொடர் இணைப்பில் இருக்கும். மொத்தம் 12 வோல்ட். இன்றைய கார்களில் எதிர்முனையை வண்டியின் உடலோடு இணைப்பார்கள். 1967 வரை வந்த எம்.ஜி.பி.யில் நேர்முனையே உடலோடு இணைந்தது. பிற்காலத்தில் யாராவது மாற்றியிருக்கவும் கூடும். பாராமல் மாற்றி இணைத்தால் மின்கருவிகள் சேதமடையும். வேலைக்கு முன் மோதிரம், கைக்கடிகாரத்தைக் கழற்றி வைப்பதும் அவசியம். பாட்டரி முனைகளுக்கிடையே உலோகம் பட்டால் நொடியில் பழுக்கக் காய்ந்துவிடும்.

ஒன்பது விதி

சந்தேகங்களில் எளிதானதை முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும். வால்வை அழுத்தித் திறக்கும் ராக்கர் கைக்கும் வால்வின் தண்டுக்கும் இடையே சிறிய இடைவெளி இருக்க வேண்டும். நம் மெக்கானிக்குகள் ‘டாப்பெட் கேப்’ என்பது இதைத்தான். சூட்டில் வால்வுத் தண்டு நீளும். அதற்கு இடம் வேண்டுமல்லவா? இந்த என்ஜினில் குளிர்ந்த நிலையில் அது 0.38 மி.மீ. இடைவெளி இல்லாவிட்டால் வால்வு முழுதும் மூடாது, அமுக்கம் ஓடிவிடும்.

ஒரு வால்வை அளக்க வேண்டுமானால் அது நன்றாக மூடியிருக்கும் தருணத்தைப் பிடிக்க வேண்டும். அதற்கு ஓர் அழகான சூத்திரம் உண்டு. ரேடியேட்டர் பக்கத்திலிருந்து வால்வுகளுக்கு 1 முதல் 8 வரை எண் கொடுங்கள். 8-ஆம் வால்வு முழுதும் திறந்திருக்கும்போது 1-ஆம் வால்வை அளக்கலாம். 6 திறந்திருக்கும்போது 3. 4 திறந்திருக்கும்போது 5. 7 திறந்திருக்கும்போது 2. திறந்திருப்பதன் எண்ணும் அளக்க வேண்டியதன் எண்ணும் சேர்ந்து எப்போதும் 9.

இது மந்திரமன்று. 1-ஆம், 4-ஆம் பிஸ்டன்கள் சேர்ந்தே ஏறி இறங்குகின்றன. ஆனால் ஒன்று செய்யும் வேலையை மற்றது கிராங்க் தண்டு ஒரு முழுச்சுற்று சுற்றிய பிறகே செய்கிறது. வால்வுகளை இயக்கும் கேம் தண்டு, கிராங்க் தண்டின் பாதி வேகத்தில் சுழல்கிறது. ஆகவே கிராங்க் தண்டின் ஒரு சுற்று, கேம் தண்டுக்கு அரைச்சுற்று. 8-ஆம் வால்வின் கேம் முகடு மேல்நோக்கி நிற்கும்போது, 1-ஆம் வால்வின் முகடு நேர் எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும். 2-ஆம், 3-ஆம் சிலிண்டர்களுக்கும் இதே உறவு உண்டு. வால்வுகள் இருபுறமும் சமச்சீராக அமைந்திருப்பதால் கூட்டுத்தொகை 9 ஆகிறது.

நம் வண்டியில் சில இடைவெளிகள் முன்பின்னாக இருந்தன. எல்லாவற்றையும் 0.38 மி.மீ.க்குச் சரிசெய்துவிட்டோம். இனி அளக்கும் அமுக்கத்தில் குறை தெரிந்தால், அதற்கு டாப்பெட்டைக் காரணம் சொல்ல முடியாது.

அமுக்கத்தை அளப்போம்

பிளக் துளையில் ஓர் அழுத்தமானியைப் பொருத்தி, மற்ற பிளக்குகளையும் கழற்றிய நிலையில், தீப்பொறி மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, ஆக்சிலேட்டரை முழுதும் அழுத்தியபடி ஸ்டார்ட்டரால் என்ஜினை ஏழெட்டுச் சுற்று சுற்ற வேண்டும். ஆக்சிலேட்டர் மிதியை அழுத்தாவிட்டால் காற்று உள்ளே வராது, அளவு பொய்யாகும்.

எவ்வளவு அழுத்தம் காட்ட வேண்டும்? பாயில் விதிப்படி, காற்றை 8.8-இல் ஒரு பங்காக அமுக்கினால் அழுத்தம் 8.8 மடங்காகும். மானி வெளிக் காற்றழுத்தத்தைக் கழித்துக் காட்டுவதால் 7.8 தெரிய வேண்டும். ஆனால் நல்ல நிலையிலுள்ள இந்த என்ஜின் சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 11 கி.கி. காட்டும். பாயில் விதி தவறா? இல்லை. அவ்விதி வெப்பநிலை மாறாதபோது மட்டுமே பொருந்தும். சைக்கிள் பம்பின் அடிப்பகுதி காற்றடிக்கும்போது சுடுவதைத் தொட்டிருப்பீர்கள். சிலிண்டரிலும் விரைந்து அமுக்கப்பட்ட காற்று சூடாகிறது, அழுத்தம் கூடுகிறது. அந்த வெப்பம் கொஞ்சமும் வெளியேறாமல், கசிவும் இல்லாமல் இருந்தால் 20 வரை போகும். சுவர்கள் வெப்பத்தை உறிஞ்சுவதாலும், உள்ளிழுப்பு வால்வு சற்றுத் தாமதமாக மூடுவதாலும் இடையில் நிற்கிறது.

நம் வண்டியில் கிடைத்த அளவுகள் இவை என்று கொள்வோம் (சதுர செ.மீ.க்கு கி.கி.):

1-ஆம் சிலிண்டர்: 10.9
2-ஆம் சிலிண்டர்: 4.2
3-ஆம் சிலிண்டர்: 4.0
4-ஆம் சிலிண்டர்: 10.6

அடுத்து, 2-இலும் 3-இலும் ஒவ்வொரு கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி அளக்கிறோம். பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருந்தால், எண்ணெய் அந்தச் சந்தைத் தற்காலிகமாக அடைத்து அளவை உயர்த்தும். இங்கே அளவு மாறவில்லை. ஆகவே வளையங்கள் குற்றவாளி அல்ல. என்ஜினை முழுதும் இறக்கி, பிஸ்டன்களைக் கழற்றும் பெருவேலை ஒரு கரண்டி எண்ணெயில் தவிர்ந்துபோயிற்று!

ஒரு தடயம், இரண்டு சந்தேகம்

அடுத்தடுத்த இரு சிலிண்டர்களில் மட்டும் அமுக்கம் விழுந்திருந்தால், அனுபவமுள்ள மெக்கானிக், “ஹெட் கேஸ்கெட் போயிருக்கும்” என்று உடனே சொல்வார். இரண்டுக்கும் நடுவிலுள்ள ஒடுங்கிய பகுதியில் கேஸ்கெட் எரிந்து வழி உண்டானால், ஒன்றின் காற்று மற்றதற்குப் பாயும். வண்டி சூடானது என்று விற்றவர் சொன்னதும் இதற்குப் பொருந்துகிறது.

ஆனால் அவசரப்பட வேண்டாம். இந்த என்ஜினின் அமைப்பில் ஒரு சிறப்பு உண்டு. 2-ஆம், 3-ஆம் சிலிண்டர்களின் புகை வால்வுகள் அருகருகே இருந்து, ஒரே வாயில் வழியாகப் புகையை வெளியேற்றுகின்றன. ஆகவே அந்த இடம் ஹெட்டிலேயே மிகச் சூடானது. வண்டி அளவுமீறிச் சூடானபோது அந்த இரு வால்வுகளும் சேர்ந்து கருகியிருக்கலாம் அல்லவா? அப்போதும் 2, 3 இரண்டிலும் அமுக்கம் விழும். எண்ணெய் விட்டாலும் ஏறாது. கேஸ்கெட்டை மட்டும் மாற்றி மூடினால், உழைப்பெல்லாம் வீணாகி மறுபடி ஹெட்டைக் கழற்ற நேரிடும்.

இந்த நிலையில் அமுக்கத்தை நூறு தடவை அளந்தாலும் பயனில்லை. இரண்டு சந்தேகங்களும் ஒரே விடையைத் தருகின்றன. அவை வெவ்வேறு விடை தரக்கூடிய ஒரு புதிய சோதனை நமக்கு வேண்டும். ஆய்வுக்கூடத்தில் விஞ்ஞானிகள் தேடுவதும் இப்படிப்பட்ட சோதனையைத்தான்.

காற்று எங்கே போகிறது?

பிளக் துளை வழியாக வெளியிலிருந்து காற்றைச் செலுத்தி, அது எங்கே ‘உஸ்’ என்று வெளியேறுகிறது என்று காது கொடுத்துக் கேட்பதே அந்தச் சோதனை. 2-ஆம் பிஸ்டனை அமுக்க வீச்சின் உச்சியில் நிறுத்துங்கள். அதன் இரு வால்வுகளும் அப்போது மூடியிருக்கும். வண்டியை நான்காம் கியரில் போட்டு, கைப் பிரேக்கை இழுத்து, சக்கரங்களுக்கு முட்டுக்கொடுங்கள். சதுர செ.மீ.க்கு 3 கி.கி. காற்றுச் செலுத்தினாலே பிஸ்டன் தலைமேல் 150 கி.கி.க்கு மேல் விசை விழும். பிஸ்டன் உச்சியிலிருந்து இம்மியளவு விலகியிருந்தாலும் என்ஜின் திடீரென்று சுழன்றுவிடும். கிராங்க் நட்டில் ஸ்பானரை விட்டுவைக்காதீர்கள்.

இன்னொரு பொறியும் உண்டு. 2-ஆம் பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது 3-ஆவதும் உச்சியில்தான் இருக்கும். ஆனால் அது புகையை வெளியேற்றி முடித்துப் புதுக் காற்றை இழுக்கத் தொடங்கும் நேரம். அதன் இரு வால்வுகளும் சற்றே திறந்திருக்கும். அப்படியே சோதித்தால் 2-இன் புகை வால்வில் கசியும் காற்று பொது வாயில் வழியாக 3-க்குள் நுழைந்து, 3-இன் பிளக் துளையில் வெளிவரும். நாம் அதைக் கேஸ்கெட் கசிவு என்று நம்பிவிடுவோம்!

ஆகவே 3-ஆம் சிலிண்டரின் டாப்பெட் திருகுகளை நன்றாகத் தளர்த்தி, அதன் இரு வால்வுகளையும் மூடவைக்க வேண்டும். ராக்கர் தண்டைக் கழற்றி எடுத்தால் வேலை எளிது என்று தோன்றும். கூடாது. அதைப் பிடித்திருக்கும் நட்டுகளில் சில ஹெட்டையும் சேர்த்துப் பிடித்திருக்கின்றன. அவற்றைத் தளர்த்தினால் நாம் சோதிக்க வந்த கேஸ்கெட்டே அசைந்துவிடும்.

இப்போது காற்றைத் திறந்து கேளுங்கள்.

கார்புரேட்டரில் ஒலி கேட்டால்: உள்ளிழுப்பு வால்வு கசிகிறது.
புகைக்குழாய் முனையில் கேட்டால்: புகை வால்வு கசிகிறது.
எண்ணெய் ஊற்றும் வாயில் கேட்டால்: பிஸ்டன் வளையம் கசிகிறது.
ரேடியேட்டரில் குமிழி வந்தால்: நீர் ஓடும் வழிக்குள் கசிவு, கேஸ்கெட் அல்லது விரிசல்.
பக்கத்துப் பிளக் துளையில் கேட்டால்: இரு சிலிண்டர்களுக்கும் இடையே கேஸ்கெட் போயிருக்கிறது.

நம் வண்டியில் 3-ஆம் துளைமேல் வைத்த மெல்லிய காகிதத் துண்டு படபடவென்று பறக்கிறது. புகைக்குழாய் அமைதியாக இருக்கிறது. எண்ணெய் வாயில் மட்டும் மிக மெல்லிய இரைச்சல். வளையங்களின் வாய்ச்சந்தில் இவ்வளவு கசிவது நல்ல என்ஜினிலும் உண்டு. இனிச் சந்தேகமில்லை: குற்றவாளி கேஸ்கெட். இப்போது ஹெட்டைக் கழற்றலாம்.

ஹெட்டைக் கழற்றினால்

பாட்டரி இணைப்பை நீக்கி, குளிர்விக்கும் நீரை வடித்து, கார்புரேட்டர்களையும் புகைக்குழாய் இணைப்பையும் கழற்றிய பின், ஹெட்டின் நட்டுகளைப் பல சுற்றுகளில் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். ஒன்றை முழுதும் கழற்றிவிட்டு அடுத்ததற்குப் போனால் ஹெட் கோணிக்கொள்ளும். ராக்கரை இயக்கும் எட்டுத் தள்ளுகோல்களையும் ஓர் அட்டையில் துளையிட்டு எண் எழுதி, அதே வரிசையில் செருகி வையுங்கள். ஒன்றாகத் தேய்ந்து பழகிய உறுப்புகள் தம் பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும். வார்ப்பிரும்பு ஹெட் கனமானது. தூக்க இன்னொருவர் துணை வேண்டும்.

கேஸ்கெட்டைப் பாருங்கள். 2-க்கும் 3-க்கும் நடுவே ஒரு கறுத்த பள்ளம்: நெருப்பு வாயு அரித்த பாதை. பழைய கேஸ்கெட்டுகளில் கல்நார் இருந்திருக்கலாம். அதன் தூசி நுரையீரலுக்கு மிகக் கேடானது. உலர்ந்த நிலையில் சுரண்டுவதோ ஊதுவதோ கூடாது. ஈரப்படுத்தி, முகமூடி அணிந்து, பெரியவர்களின் மேற்பார்வையில் அகற்ற வேண்டும்.

பிறகு ஹெட்டின் அடிப்பரப்பில் நேரான எஃகுச் சட்டத்தை நீளவாட்டிலும் மூலைவாட்டிலும் வைத்து, அடியில் ஃபீலர் கேஜின் 0.1 மி.மீ. தாள் நுழைகிறதா என்று பாருங்கள். நுழைந்தால் ஹெட் வளைந்திருக்கிறது. பட்டறையில் கொடுத்து மட்டம் செய்ய வேண்டும். வளைந்த ஹெட்டின் கீழ் புதுக் கேஸ்கெட் சில நாட்கள்தான் தாங்கும்.

கேஸ்கெட் ஏன் எரிந்தது?

இங்கே நிறுத்திவிட்டால் காய்ச்சலைக் குறைத்துவிட்டு நோயை விட்டுவிட்ட கதையாகும். கேஸ்கெட் தானாக எரியவில்லை. வண்டி சூடானது. வண்டி ஏன் சூடானது?

400 மி.மீ. நீளமுள்ள ஒரு வார்ப்பிரும்புச் சட்டத்தை எண்ணிக்கொள்ளுங்கள். வார்ப்பிரும்பின் நீள விரிவெண் பாகைக்கு ஏறத்தாழ 0.000011. வெப்பம் 80 பாகை செல்சியஸ் ஏறினால் 400 × 0.000011 × 80 = 0.35 மி.மீ. நீளும். ஹெட் முழுதும் ஒரே சீராகச் சூடானால் கேடில்லை. நீர் குறைந்து, நடுப்பகுதி மட்டும் மிகச் சூடானால், ஓர் இடம் நீளவும் பக்கத்து இடம் நீளாமல் இருக்கவும் முயலும். அந்த இழுபறியில் ஹெட் கோணுகிறது. கேஸ்கெட்டின் பிடி தளர்கிறது. நெருப்பு அங்கே வழி கண்டுபிடிக்கிறது.

முன்பு குறித்து வைத்த செங்காவி நீரை நினைவுகூருங்கள். அது துரு. ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் பிளாக்கின் நீர்வழிகளையும் அது அடைத்திருக்கிறது. இரண்டையும் நீர் தெளிவாக வரும்வரை எதிர்த்திசையில் அலசுங்கள். நீரோட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டையும் சோதியுங்கள். அதை ஒரு பாத்திர நீரில் தொங்கவிட்டு, வெப்பமானியுடன் சூடாக்குங்கள். அதன்மேல் 82 என்று பொறித்திருந்தால் அந்த வெப்பநிலையை ஒட்டித் திறக்கத் தொடங்க வேண்டும். ரேடியேட்டர் மூடியின் வில்லும் ரப்பரும் முக்கியம். மூடி அரை கி.கி. அழுத்தத்தைத் தாங்கினால் உள்ளே நீர் சுமார் 110 பாகை வரை கொதிக்காது. தளர்ந்த மூடியில் 100 பாகையிலேயே கொதித்து வெளியேறிவிடும். நீர் குறைந்திருந்ததற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

எவ்வளவு முறுக்குவது?

புதுக் கேஸ்கெட்டை வைத்து ஹெட்டை அமர்த்திய பின், நட்டுகளை நடுவிலிருந்து தொடங்கி இருபக்கமும் மாறி மாறி வெளிநோக்கி முறுக்க வேண்டும். ஓரங்களை முதலில் இறுக்கினால் நடுவில் மேடு தங்கிவிடும். ஒரே மூச்சில் இறுக்காமல் மூன்று நான்கு சுற்றுகளாகப் போவது நல்லது.

இறுதி முறுக்கு 6.2 முதல் 6.9 கி.கி. மீட்டர். திருப்புத்திறன் என்பது விசையையும் நீளத்தையும் பெருக்கிய தொகை. 30 செ.மீ. நீள ஸ்பானரின் முனையில் 6.9 ÷ 0.3 = 23 கி.கி. விசையால் இழுக்க வேண்டும் என்று பொருள். இதைக் கை மதிப்பாகச் செய்வது சரியன்று. முறுக்கைக் காட்டும் டார்க் ஸ்பானர் வேண்டும். குறைந்தால் கேஸ்கெட் கசியும். மிகுந்தால் திருகு தண்டு நீண்டு பழுதாகும். பிறகு ஒன்பது விதிப்படி மறுபடி டாப்பெட் இடைவெளிகளைச் சரிசெய்யுங்கள். நாம் தளர்த்தி வைத்த 3-ஆம் சிலிண்டரை மறக்க வேண்டாம்!

முதல் ஓட்டம்

பிளக்குகளைப் பூட்டாமல், தீப்பொறியைத் துண்டித்த நிலையிலேயே, எண்ணெய் அழுத்த முள் மேலே எழும்வரை ஸ்டார்ட்டரால் சுற்றுங்கள். தாங்கிகளுக்கெல்லாம் எண்ணெய் போய்ச் சேர்ந்தது என்பதற்கு அது சாட்சி. பிறகு அமுக்கத்தை மறுபடி அளங்கள். 2-உம் 3-உம் மற்ற இரண்டுக்கு இணையாக வந்திருந்தால் நம் முடிவு சரி. பழுதுக்கு முன் எடுத்த அளவு இல்லாவிட்டால் இதை எப்படி உறுதி செய்திருப்போம்?

பிளக் முனைகளின் இடைவெளி 0.64 மி.மீ.; டிஸ்ட்ரிபியூட்டரின் கான்டாக்ட் பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. இவற்றைப் பார்த்துவிட்டு, புதுப் பெட்ரோல் ஊற்றி, வண்டியைத் திறந்த வெளிக்குத் தள்ளிச் சென்று ஸ்டார்ட் செய்யுங்கள். மூடிய கொட்டகையில் ஓடும் என்ஜின் வெளியிடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. அது உயிரைக் குடிக்கும்.

பெட்ரோல் பற்றியும் ஒரு சொல். இந்த என்ஜினை வடிவமைத்த காலத்தில் பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலந்திருந்தது. அது புகை வால்வு அமரும் இடத்தைத் தேய்மானத்திலிருந்து காத்தது. நச்சுத் தன்மையால் ஈயம் கலந்த பெட்ரோலின் பொது விற்பனை பிரிட்டனில் 2000-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நிறுத்தப்பட்டது. எனவே ஹெட்டில் கடினமான வால்வு இருக்கைகளைப் பதிக்கிறார்கள், அல்லது பெட்ரோலில் அதற்கான மாற்றுச் சேர்மம் விடுகிறார்கள். அங்கே 2021 செப்டம்பர் முதல் சாதாரணப் பெட்ரோலில் 10 விழுக்காடு வரை எத்தனால் கலக்கிறது. பழைய ரப்பர்க் குழாய்கள் இதில் நைந்து கசியலாம். எரிபொருள் குழாய்களைப் புதிதாக மாற்றிய பின்னரே ஓட்ட வேண்டும்.

சில கிலோமீட்டர் ஓடி, முற்றிலும் ஆறிய பிறகு ஹெட் நட்டுகளின் முறுக்கை, கேஸ்கெட் தயாரிப்பாளர் சொல்லியபடி மறுபடி பாருங்கள். அமுக்க அளவுகளைத் தேதியுடன் குறிப்பேட்டில் எழுதி வண்டியிலேயே வையுங்கள். இன்னும் பத்து ஆண்டு கழித்து அதைத் திறப்பவருக்கு அந்த நான்கு எண்களும் பேருதவியாக இருக்கும்.

நீங்களே கணக்கிடுங்கள்

1. அம்பாசடரின் நான்கு சிலிண்டர்களுக்கும் சேர்த்துப் பிஸ்டன்கள் நகரும் கன அளவு என்ன?

2. எம்.ஜி.பி.யின் சிலிண்டர்களைக் குடைந்து உள்விட்டத்தை 80.77 மி.மீ. ஆக்கினால் கன அளவு என்ன?

3. நிமிடத்துக்கு 5400 சுற்று சுழலும்போது எம்.ஜி.பி. பிஸ்டனின் சராசரி வேகம் என்ன?

4. ஹெட் நட்டை 6.9 கி.கி. மீட்டர் முறுக்க, 40 செ.மீ. நீள ஸ்பானரில் எவ்வளவு விசை வேண்டும்?

5. ஒரு வண்டியில் 4-ஆம் சிலிண்டர் மட்டும் 6 காட்டுகிறது. ஒரு கரண்டி எண்ணெய் விட்டதும் 10 காட்டுகிறது. சந்தேகம் எதன்மேல்? காற்றுச் சோதனையில் எங்கே ஒலி கேட்கும்?

விடைகள்: 1. ஏறத்தாழ 1489 கன செ.மீ. 2. ஏறத்தாழ 1822 கன செ.மீ. 3. நொடிக்கு 16 மீட்டர். (ஒரு சுற்றில் பிஸ்டன் 88.9 மி.மீ. தூரத்தை இருமுறை கடக்கிறது. நொடிக்கு 90 சுற்றுகள்.) 4. ஏறத்தாழ 17 கி.கி. 5. பிஸ்டன் வளையம் அல்லது சிலிண்டர் சுவரின் தேய்மானம். எண்ணெய் ஊற்றும் வாயில்.